கேம் சர்வர் வாடகைக்கு எடுப்பவர்கள் கவனத்துக்கு: ₹13,200 போயிற்று, பிள்ளைகள் கட்டிய உலகமும் போயிற்று

நண்பர்களோடும் வீட்டுப் பிள்ளைகளோடும் விளையாட சொந்தமாக ஒரு மைன்கிராஃப்ட் (கட்டை கட்டையாக அடுக்கி உலகம் கட்டும் கேம்) சர்வர் வைக்கலாம் என்று நினைத்து, அதற்காக யாரிடமாவது விபிஎஸ் (பெரிய மெஷினில் நமக்கென்று பிரித்துத் தரும் பங்கு) வாடகைக்கு எடுக்கப் போகிறீர்களா? பணம் அனுப்புவதற்கு முன் இதைப் படித்துவிடுங்கள். ஒரு வருஷ வாடகை என்று ₹13,200 முன்கூட்டியே கட்டினேன். பாதி வருஷம்கூட ஒழுங்காக ஓடவில்லை. இப்போது சர்வரும் இல்லை, அதில் இருந்த உலகமும் இல்லை, பணமும் வராது என்று சொல்லிவிட்டார்கள்.

கடையின் பெயரை எழுதவில்லை. புகார் கொடுத்திருக்கிறேன், அது ஒரு முடிவுக்கு வரட்டும். ரகத்தை மட்டும் சொல்கிறேன். சொந்தமாக டேட்டா சென்டர் கிடையாது. பெரிய இடத்தில் மொத்தமாக மெஷின் எடுத்து, அதைச் சில்லறையாகப் பிரித்து, கேமர்களுக்கென்றே ஒரு சாட் குரூப் நடத்தி விற்கிறவர்கள். வாங்குமுன் எதையெல்லாம் சோதிக்க வேண்டும் என்று கடைசியில் விவரமாக எழுதுகிறேன்.

சர்வரை வீட்டிலேயே வைத்திருக்கலாமே என்று சிலர் கேட்பீர்கள். அப்படித்தான் பழைய லேப்டாப்பில் வைத்திருந்தேன். ஃபைபர் கனெக்‌ஷன் மாற்றியதும் அது முடியாமல் போனது. இப்போது பல நிறுவனங்கள் வீட்டுக்குத் தனி ஐபி முகவரி தருவதில்லை, நூற்றுக்கணக்கான வீடுகளை ஒரே பொது முகவரிக்குப் பின்னால் வைத்துவிடுகிறார்கள். ரூட்டரில் மைன்கிராஃப்ட்டுக்கான வாசலான 25565 போர்ட்டைத் திறந்துவிட்டாலும் வெளியிலிருந்து யாரும் உள்ளே வர முடியாது. எங்கள் சர்வரில் விளையாடுகிறவர்கள் கோவையில் அக்கா பிள்ளைகள், துபாயில் சித்தி பேரன், அவர்களுடைய பள்ளித் தோழர்கள். வேறு வழியில்லாமல்தான் வாடகைக்குத் தேடினேன்.

பட்டன் வைத்த கன்ட்ரோல் பேனல் எனக்கு வேண்டாம். எஸ்எஸ்எச்சில் (தூரத்து மெஷினுக்குள் பாதுகாப்பாக நுழையும் வழி) உள்ளே போய், ரூட் உரிமையோடு (முழு அதிகாரத்தோடு) எல்லாவற்றையும் கமாண்ட் லைனிலேயே பார்த்துக்கொள்வதுதான் பழக்கம். டிமக்ஸில் (நாம் வெளியே வந்தாலும் நிரலை ஓடவிடும் கருவி) ஒரு செஷன் திறந்து, மைன்கிராஃப்ட் சர்வரை ஓட்டும் ஜாவாவை எத்தனை ஜிபி நினைவகத்தோடு ஓட்ட வேண்டும் என்று சொல்லி சர்வரைக் கிளப்பிவிட்டு, கன்ட்ரோல் பி, டி தட்டி வெளியே வந்துவிடலாம். லேப்டாப்பை மூடினாலும் சர்வர் ஓடிக்கொண்டிருக்கும். ஆர்கான் (RCON, சர்வருக்கு வெளியிலிருந்து கட்டளை அனுப்பும் வசதி) திறந்து வைத்தால் கன்சோலுக்குள் போகாமலே யார் யார் உள்ளே இருக்கிறார்கள் என்று பார்க்கலாம், ‘இன்னும் அஞ்சு நிமிஷத்தில் ரீஸ்டார்ட்’ என்று எல்லோருக்கும் சொல்லலாம். ஆனால் ஆர்கானில் பாஸ்வேர்டு உட்பட எதுவும் மறைகுறியாக்கம் இல்லாமல் போகும். அதனால் 25575 போர்ட்டை வெளியே திறக்காமல் மெஷினுக்குள்ளேயே வைத்திருந்தேன். இதையெல்லாம் ஏன் சொல்கிறேன் என்றால், பின்னால் இவர்கள் ‘உங்களுக்கு சர்வர் நடத்தத் தெரியவில்லை’ என்றார்கள். அந்தப் பழியை ஏற்க மாட்டேன்.

விலை மாதம் ₹900, வருஷத்துக்கு ₹10,800. நாலு கோர், 16 ஜிபி ரேம், மும்பை டேட்டா சென்டர். தினமும் வேறொரு இடத்துக்கு முழு நகல் எடுத்து வைக்கும் பேக்கப் வசதிக்கு மாதம் ₹200 தனி, வருஷத்துக்கு ₹2,400. ஆக மொத்தம் ₹13,200. கொள்ளை மலிவும் இல்லை, சந்தேகப்பட ஒன்றுமில்லாத விலை.

நம்பிக்கை வந்த இடத்தைத்தான் நீங்கள் முக்கியமாகக் கவனிக்க வேண்டும். கடை சார்பில் சாட்டில் பேசிய ஆள் விளம்பரம் பேசவே இல்லை. “அண்ணா, என் பேச்சை நம்பாதீங்க. ட்ரையலுக்கு லாகின் தர்றேன். நீங்களே டாப் போட்டு எஸ்டி நம்பரைப் பாருங்க. அது ஜீரோ இல்லேன்னா ஒரு ரூபா கட்டாதீங்க” என்றான்.

தெரியாதவர்களுக்காக: ஒரு பெரிய மெஷினைப் பல பேருக்குப் பிரித்து விற்கும்போது, உங்களுக்கு வர வேண்டிய பிராசசர் நேரம் பக்கத்து ஆளுக்குப் போய்விடலாம். அப்படிப் பறிபோன நேரம் எத்தனை சதவீதம் என்பதை ‘டாப்’ கட்டளை பிராசசர் வரியின் கடைசியில் எஸ்டி என்று காட்டும். அளவுக்கு மீறி ஆள் சேர்த்திருக்கிறார்களா என்பதைக் காட்டிக் கொடுக்கும் எண் அது. ஏமாற்றுகிறவன் அந்த எண்ணை அவனாகவே எடுத்துச் சொல்வானா? சொன்னான். தொழில் தெரிந்த, நேர்மையான பையன் என்று நினைத்தேன்.

ட்ரையலில் எல்லாவற்றையும் பார்த்தேன். எஸ்டி பூஜ்யம். ‘எல்எஸ்சிபியு’ போட்டால் புதிய ரைசன் பிராசசர். ‘ஃப்ரீ’ போட்டால் முழு 16 ஜிபி. கோவையிலிருந்து பிங் (தகவல் போய்வரும் நேரம்) 30 மில்லி செகண்டை ஒட்டி வந்தது, மும்பைக்கு அது சரியான கணக்கு. எங்கள் உலகத்தை ஏற்றி, பிள்ளைகள் எல்லோரையும் உள்ளே வரச் சொல்லி, ‘டிபிஎஸ்’ கட்டளையைப் பார்த்தேன். மைன்கிராஃப்ட் சர்வர் நொடிக்கு 20 டிக் ஓட வேண்டும். 20 அசையாமல் நின்றது. அன்றைக்கே க்யூஆர் கோடு அனுப்பினான், ₹13,200 அனுப்பினேன். ரசீதில் ‘டெய்லி ஆஃப்சைட் பேக்கப் - 12 மாதம் - ₹2,400’ என்று தெளிவாக அச்சாகியிருக்கிறது. அது என்னிடம் பத்திரமாக இருக்கிறது.

கொஞ்ச நாள் அருமையாக ஓடியது. அக்கா மகன் மேட்டுப்பாளையத்திலிருந்து ஊட்டி வரைக்கும் மலை ரயில் போட ஆரம்பித்தான். கல்லாறு, ஹில்குரோவ், ரன்னிமேடு, குன்னூர் என்று ஸ்டேஷன் ஸ்டேஷனாகப் பெயர்ப்பலகை வைத்து, பாலமும் சுரங்கமும் கட்டி, ரெட்ஸ்டோனில் (கேமுக்குள் மின்சுற்று போடும் பொருள்) சிக்னல்கூடப் போட்டான். துபாய்க்காரன் வெள்ளிக்கிழமைதோறும் வந்து பாறை வெட்டிக் கொடுப்பான். விளையாட்டுதானே என்று பெரியவர்களுக்குத் தோன்றலாம். அந்தப் பிள்ளைகளுக்கு அது பல மாத உழைப்பு.

அப்புறம் ஒரு ராத்திரி ‘நோட் மெயின்டனன்ஸ்’ (அடியில் இருக்கும் பெரிய மெஷினில் பராமரிப்பு) என்று ஒரு அறிவிப்பு. காலையில் ஐபி மாறியிருந்தது. ‘இனி இந்த முகவரிதான்’ என்று ஒரு வரி, அவ்வளவுதான். அன்று மாலையே பிள்ளைகள் ஆரம்பித்துவிட்டார்கள்: உடைத்த கல் திரும்ப வருகிறது, ரயில் நின்று நின்று போகிறது. உள்ளே போய்ப் பார்த்தேன். பிராசசர் பழைய ஜியான். எஸ்டி 40 சதவீதத்துக்கு மேல். டிபிஎஸ் 20 இருந்த இடத்தில் 8, 9. சர்வர் பதிவான லாக் முழுக்க ‘கான்ட் கீப் அப்’ (ஈடுகொடுக்க முடியவில்லை) வரிகள். பிங் 170 மில்லி செகண்ட். மும்பையில் இருக்கிற மெஷினுக்குக் கோவையிலிருந்து 170 வராது. ‘ட்ரேஸ்ரூட்’ போட்டால் பாக்கெட் ஐரோப்பாவுக்குப் போய்க்கொண்டிருந்தது. காட்டிய மெஷின் ஒன்று, காசு வாங்கியபின் கொடுத்த மெஷின் வேறு.

அதோடு விடவில்லை. ஜாவா திடீர் திடீரென்று செத்தது. கன்சோலில் ‘கில்டு’ என்று ஒற்றைச் சொல், வேறு எதுவும் இல்லை. ஜாவாவுக்கு நான் ஒதுக்கியது 10 ஜிபி, மெஷினில் இருக்க வேண்டியது 16. ‘ஃப்ரீ’ போட்டுப் பார்த்தால் மொத்த நினைவகமே 7 ஜிபிக்குக் கீழே இறங்கியிருந்தது. அடியில் இருக்கும் பெரிய மெஷினில் ரேம் பற்றாமல் போனால், வாடகைக்காரர்களின் ரேமை ஓசையில்லாமல் பிடுங்கிக்கொள்ள முடியும், பலூனிங் என்பார்கள். அதைத்தான் செய்திருக்கிறார்கள். உள்ளே இடம் போதாமல் லினக்ஸின் மையப் பகுதியான கெர்னல் ஜாவாவைக் கொன்றிருக்கிறது. கெர்னலின் பதிவுகளைக் காட்டும் ‘டிமெசேஜ்’ கட்டளையில் அந்த வரி அப்படியே பதிவாகியிருந்தது.

இனிமேல்தான் அலைக்கழிப்பு. சப்போர்ட்டில் போட்ட முதல் டிக்கெட்டுக்கு (புகாருக்கு) வந்த பதில்: “உங்கள் பிளகினில் மெமரி லீக். பிளகின்களை நீக்கிப் பாருங்கள்.” பிளகின் (சர்வரில் சேர்க்கும் துணை நிரல்) ரேமைத் தின்று தீர்த்தால் ஜாவாவே ‘அவுட் ஆஃப் மெமரி எரர்’ என்று லாகில் எழுதும். கெர்னல் கொன்றால் ஜாவாவுக்கு எழுத நேரமே இருக்காது. இதை விளக்கி, டிமெசேஜ் வரிகளையும் ஃப்ரீ காட்டிய எண்களையும் ஒட்டி அனுப்பினேன். “நோட் டீமிடம் தெரிவித்துவிட்டோம்” என்றார்கள். ஒன்றும் நடக்கவில்லை. மறுபடி எழுதினேன். “ஜாவா ஃப்ளாக் சரியில்லை.” மறுபடி. “மாதம் ₹400 கூடுதலாகக் கட்டி டெடிகேட்டட் பிளானுக்கு மாறுங்கள், பிரச்சினை தீரும்.” ₹13,200 வாங்கிக்கொண்டு, தருகிறேன் என்று சொன்னதைத் தருவதற்கு இன்னும் ₹400!

அந்த முதல் ஆளையே சாட்டில் பிடித்து, எஸ்டி 40க்கு மேல் போகிறது, நீங்கள் சொன்ன வார்த்தை என்ன ஆயிற்று என்று கேட்டேன். பணம் கட்டும்வரை “அண்ணா” என்று பேசியவன் சொன்ன பதில்: “எஸ்டின்னா என்ன சார்? சப்போர்ட்ல டிக்கெட் போடுங்க.” எனக்கு அந்த எண்ணைக் காட்டி காசு வாங்கியவன்! இதை எழுதும்போதும் கை நடுங்குகிறது. குரூப்பில் இதைப் பொதுவாகக் கேட்டதும் என்னை நீக்கிவிட்டார்கள். டிக்கெட் ‘தீர்க்கப்பட்டது’ என்று மூடப்பட்டது.

போன வாரம் மெஷின் மொத்தமாக நின்றது. ரெண்டு நாள் கழித்துத் திரும்ப வந்தபோது எஸ்எஸ்எச், ‘ரிமோட் ஹோஸ்ட் ஐடென்டிஃபிகேஷன் ஹேஸ் சேஞ்சுடு’ என்று கொட்டை எழுத்தில் எச்சரித்தது. அந்த மெஷினின் அடையாளச் சாவி மாறிவிட்டது என்று அர்த்தம். வட்டைத் துடைத்துப் புதிதாக லினக்ஸ் போட்டால் அப்படித்தான் வரும். உள்ளே போனேன். வெறும் புது உபுண்டு. உலகம் இல்லை, நெதர் (கேமின் பாதாள உலகம்) இல்லை, ஒயிட்லிஸ்ட் (உள்ளே வர அனுமதி உள்ளவர் பட்டியல்) இல்லை, ஒன்றுமே இல்லை.

சரி, பேக்கப் இருக்கிறதே என்று கேட்டேன். நானும் தினமும் ஆர்கான் வழியாக ‘சேவ்-ஆஃப்’ போட்டு (தானாகச் சேமிப்பதை நிறுத்தி), ‘சேவ்-ஆல் ஃப்ளஷ்’ கொடுத்து, டாரில் எல்லாவற்றையும் ஒரே கோப்பாக நகல் எடுத்துவிட்டு, ‘சேவ்-ஆன்’ போடும் ஸ்கிரிப்ட் வைத்திருந்தேன். ஆனால் அது ஒரு சின்னவன் எரிமலைக் குழம்பைக் கொட்டிவிட்டால் நேற்றைக்குத் திரும்புவதற்கான நகல், அதே வட்டில்தான் இருக்கும். வட்டே போனால் காப்பாற்றத்தான் அவர்களுக்குத் தனியாக ₹2,400 கட்டினேன். பதில் வந்தது: “உங்கள் கணக்கில் பேக்கப் ஆட்-ஆன் எனேபிள் ஆகவில்லை. டேட்டா வாடிக்கையாளர் பொறுப்பு.” ரசீதை அனுப்பினேன். “பில்லிங் டீமிடம் கேளுங்கள்.” பில்லிங்கில் கேட்டால், “டெக்னிக்கல் டீமிடம் கேளுங்கள்.” முதல் நாளிலிருந்து ஒரு நகல்கூட எடுக்கவில்லை, அதுதான் உண்மை. எடுக்காத பேக்கப்புக்கு ₹2,400, இல்லாத மும்பை மெஷினுக்கு ₹10,800. பணத்தைத் திருப்பிக் கேட்டதற்கு, “வருஷச் சந்தாவுக்கு ரீஃபண்ட் பாலிசி இல்லை.” ₹13,200 அப்படியே விழுங்கியாகிவிட்டது.

வாடகை மெஷினுக்கு மாறுவதற்கு முன் எடுத்த பழைய நகல் ஒன்று லேப்டாப்பில் இருக்கிறது. அதில் மலை ரயில் தொடங்கவே இல்லை. அக்கா மகனிடம் சொல்லிவிட்டேன். “மாமா, ரன்னிமேடு பாலமாவது இருக்கா?” என்று கேட்டான். இல்லை என்று சொல்ல வேண்டியதாயிற்று.

தேசிய நுகர்வோர் உதவி எண் 1915இல் புகார் பதிவு செய்திருக்கிறேன். அதில் நடக்கவில்லை என்றால் மாவட்ட நுகர்வோர் ஆணையம். 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி நாம் குடியிருக்கிற ஊரிலேயே வழக்குப் போடலாம், ₹5 லட்சம் வரைக்கும் கட்டணம் கிடையாது, ஆன்லைனிலேயே தாக்கல் செய்யலாம். சின்னத் தொகைதானே, விட்டுவிடுவான் என்றுதான் இவர்கள் இந்த மாதிரி விலை வைக்கிறார்கள். விட மாட்டேன்.

விவரமாக எழுதுகிறேன் என்று சொன்னேன். ஆனால் இன்று ராத்திரிக்குள் டிக்கெட்டுகளையும் லாகுகளையும் தொகுத்து அனுப்ப வேண்டியிருக்கிறது. அவசரமாகச் சிலது மட்டும்.

வருஷத்துக்குக் கட்டாதீர்கள், மாதாமாதம் கட்டுங்கள், எவ்வளவு தள்ளுபடி சொன்னாலும் சரி. ட்ரையலில் நன்றாக ஓடியதை நம்பாதீர்கள். எஸ்டி, ஃப்ரீ, எல்எஸ்சிபியு, பிங் நாலையும் தினமும் ஒரு கோப்பில் எழுதி வைக்க கிரானில் (குறித்த நேரத்தில் கட்டளையைத் தானாக ஓட்டும் வசதி) ஒரு வரி போடுங்கள், மெஷினை மாற்றிய தேதி தானாகப் பதிவாகும். அந்தக் கோப்பும் உலகத்தின் நகலும் தினமும் ஆர்சிங்க்கில் (மெஷின் விட்டு மெஷின் கோப்பை நகலெடுக்கும் கருவி) உங்கள் வீட்டு வட்டுக்கு வந்து சேரட்டும். பேக்கப்புக்குப் பணம் கேட்டால், முதல் வாரத்திலேயே ஒரு நகலைத் திருப்பித் தரச் சொல்லிக் கேளுங்கள்; தராவிட்டால் அங்கிருந்து கிளம்பிவிடுங்கள். ஒரு தனி ஆள் பெயரில் க்யூஆர் கோடு வந்தால் அனுப்பாதீர்கள், கிரெடிட் கார்டு வாங்குகிற இடமாகப் பாருங்கள், வங்கியிடம் சார்ஜ்பேக் (கட்டிய பணத்தைத் திரும்பப் பிடித்துத் தருவது) கேட்க வழியாவது இருக்கும். சாட்டில் பேசியதை அன்றன்றைக்கே ஸ்கிரீன்ஷாட் எடுத்து வையுங்கள். குரூப்பிலிருந்து நீக்கிவிட்டால் பழைய பேச்சு எதுவும் உங்கள் கையில் இருக்காது, என்னிடம் இருப்பது பாதிதான்.