சோதிப்பவரே பழுதும் பார்க்கலாமா? வாகனத் தகுதிச் சோதனை மையங்கள்: ஓர் ஒப்பீடு

வண்டியின் தகுதிச் சான்று காலாவதியாகும் மாதம் நெருங்கும்போது பெரும்பாலோர் விசாரிப்பது இரண்டைத்தான்: எந்த மையம் பக்கத்தில் இருக்கிறது, எங்கே கட்டணம் குறைவு. இரண்டும் நியாயமான கேள்விகளே. ஆனால் அவற்றுக்கு முன்னால் கேட்க வேண்டிய கேள்வி ஒன்று உண்டு. வண்டி தேறாமல் போனால் அதனால் வருமானம் பெறுபவர் யார்? சோதிக்கும் இடமே பழுதுபார்க்கும் பட்டறையாகவும் இருந்தால் அதற்கு ஒரு விடை. சோதனை மட்டுமே நடக்கும் இடமானால் வேறொரு விடை. இந்த ஒரு கேள்விக்கு ஒவ்வொரு நாடும் ஒவ்வொரு விதமாகச் சட்டம் எழுதி வைத்திருப்பதால், அவற்றை அருகருகே வைத்துப் பார்ப்பது நமக்கு எந்த வகை மையம் ஏற்றது என்று முடிவெடுக்க உதவும்.

பிரிட்டனில் 1960ஆம் ஆண்டு தொடங்கிய, எம்.ஓ.டி. எனப்படும் வாகனத் தகுதிச் சோதனை முதலில் பத்து ஆண்டுகளைக் கடந்த வண்டிகளுக்கு மட்டுமே இருந்தது; இப்போது கார்கள் மூன்றாம் ஆண்டு நிறைவில் தொடங்கி ஆண்டுதோறும் சோதனைக்குப் போக வேண்டும். அங்கே அரசின் அங்கீகாரம் பெற்ற தனியார் பட்டறைகளே பெரும்பாலும் சோதிக்கின்றன. அதே பட்டறை அதே லிஃப்ட்டில் வைத்துப் பழுதையும் சரிசெய்யலாம். நெதர்லாந்தும் இதே வழியில்தான் செல்கிறது. அதற்கு நேரெதிர்த் திசையில் நிற்பவை பிரான்ஸும் அயர்லாந்தும் சுவீடனும்: சோதிக்கும் நிறுவனம் பழுதுபார்க்கும் தொழிலில் இருக்கக் கூடாது. இந்தியாவில் நாம் எப்.சி. காட்டுவது என்று சொல்லும் சோதனையை மோட்டார் வாகன ஆய்வாளரின் கையிலிருந்து தானியங்கிச் சோதனை நிலையங்களுக்கு மாற்றுவதற்காக 2021இல் வந்த விதிகளும், அந்த நிலையங்கள் பழுதுபார்ப்பிலோ வாகன விற்பனையிலோ உதிரிப்பாக வியாபாரத்திலோ ஈடுபடக் கூடாது என்றே சொல்கின்றன.

இந்த இரண்டு முகாம்களுக்கும் நடுவில் ஜெர்மனி ஒரு வழி கண்டுபிடித்திருக்கிறது. அங்கே வண்டி பட்டறையிலேயே நிற்கலாம், டி.யூ.வி., டெக்ரா போன்ற சோதனை அமைப்புகளின் ஆய்வாளர் குறித்த நாட்களில் பட்டறைக்கு வந்து சோதித்துவிட்டுப் போவார். அவருக்குப் பட்டறையிலிருந்து சம்பளம் இல்லை. (கார்களோடு தொடர்பே இல்லாத ஒரு தொடக்கம் டி.யூ.வி.க்கு உண்டு: நீராவிக் கொதிகலன்கள் வெடிப்பதைத் தடுப்பதற்காக 1866இல் மன்ஹைம் நகரில் உருவான சங்கமே அதன் மூதாதை. வெளியாள் வந்து பார்க்க வேண்டும் என்ற எண்ணம் அப்போதே பிறந்துவிட்டது.)

பட்டறைச் சோதனை என்றாலே இல்லாத பழுதைச் சொல்லிப் பணம் பிடுங்குவார்கள் என்ற பேச்சு எல்லா ஊரிலும் உண்டு. அதை முழுவதுமாக நம்புவதற்கு முன், சோதனையில் எதைக் கருவி சொல்கிறது, எதை மனிதக் கண் சொல்கிறது என்று பிரித்துப் பார்க்க வேண்டும். பிரேக்கை எடுத்துக்கொள்வோம். முன் சக்கரங்கள் இரண்டும் சுழலும் உருளைகளின் மேல் ஏற்றப்படுகின்றன. ஓட்டுநர் மெதுவாகப் பிரேக்கை மிதிக்க, இடது வலது சக்கரங்களின் பிடிமானம் தனித்தனியே திரையில் ஏறுகிறது. இடது சக்கரம் 2.4 கிலோநியூட்டன் காட்டி, வலது சக்கரம் 1.6இல் நின்றுவிட்டது என்று வைத்துக்கொள்வோம். ஒரே அச்சில் பலவீனமான பக்கம், பலமான பக்கத்தின் பிடிமானத்தில் 70 விழுக்காட்டையாவது எட்ட வேண்டும் என்பது பிரிட்டனின் விதி. இங்கே எட்டியிருப்பது 67 விழுக்காடுதான்; எனவே தேறாது. அந்த எண்ணை வைத்துக்கொண்டு பட்டறைக்காரர் கதை கட்டவும் முடியாது, தெரிந்தவர் என்று இரக்கம் காட்டவும் முடியாது. புகையளவும் அப்படித்தான். டயரின் பள்ளம் 1.6 மில்லிமீட்டருக்குக் குறைந்திருக்கிறதா என்பதையும் அளவுகோலை வைத்து நாமே பார்த்துவிடலாம்.

விவாதம் எழுவது வண்டியின் அடிப்பகுதியில். சக்கரத்தைத் தாங்கும் பாகங்களை இணைக்கும் உருண்டை மூட்டான பால் ஜாயின்ட்டைச் சுற்றியுள்ள ரப்பர் உறை வெடித்திருக்கிறது. ஆனால் கிரீஸ் இன்னும் உள்ளேயே இருக்கிறது. இது கவனிக்க வேண்டிய சிறு குறையா, தூசி உள்ளே போகும் அளவுக்குக் கிழிந்த பெருங்குறையா? முன்னதானால் வண்டி தேறும், பின்னதானால் தேறாது. சேஸியில் பிடித்திருக்கும் துரு மேலோட்டமானதா, தாங்கும் பகுதியை அரித்துவிட்டதா என்பதும், கம்பியை வைத்து நெம்பும்போது புஷ்ஷில் (இணைப்புகளில் உள்ள ரப்பர் வளையத்தில்) தெரியும் ஆட்டம் அதிகமா இல்லையா என்பதும் சோதிப்பவரின் அனுபவத்தையும் மனச்சாட்சியையும் பொறுத்தவை. ஆக, ஆதாய முரண், அதாவது தன் தீர்ப்பால் தானே லாபம் பெறும் நிலை, வேலை செய்யக்கூடிய இடம் மொத்தச் சோதனையில் ஒரு பகுதிதான். ஐந்து வயதுக் காரில் அந்தப் பகுதி மிகச் சிறியது, ஏனென்றால் அங்கே பெரும்பாலும் துருவும் இல்லை, ஆட்டமும் இல்லை. பதினைந்து வயதுக் காரிலோ கண்ணால் தீர்மானிக்கப்படும் அந்தப் பகுதி மிகப் பெரியது.

இன்னொரு திசையிலும் முரண் இருக்கிறது என்பதைப் பலர் கவனிப்பதில்லை. பட்டறைக்கு ஆண்டு முழுவதும் சர்வீஸுக்கு வரும் வாடிக்கையாளரை இழக்க மனம் வராது. அதனால் கடுமையைவிடத் தாராளமே அங்கே பெரிய ஆபத்தாக இருக்கக்கூடும் என்பது என் கருத்து. நெதர்லாந்தின் ஏற்பாடு இதை நன்றாகப் புரிந்துகொண்டு அமைந்தது. பட்டறை ஒரு வண்டியைத் தேறியதாகப் பதிவுசெய்த உடனே, நூற்றுக்கு மூன்று என்ற கணக்கில் சில வண்டிகளைக் கணினி தெரிவு செய்கிறது. அப்படித் தெரிவான வண்டி அங்கேயே காத்திருக்க, அரசின் வாகன ஆணையத்திலிருந்து ஆய்வாளர் வந்து மறுபடி பார்க்கிறார். எந்த வண்டி சிக்கும் என்பது முன்கூட்டித் தெரியாததால், எல்லா வண்டியையும் ஒழுங்காகப் பார்ப்பதே பட்டறைக்குப் பாதுகாப்பு. இத்தகைய திடீர் மறுசோதனை உள்ள நாட்டில் பட்டறைச் சோதனையை நான் தயக்கமின்றி ஏற்பேன்.

சோதனை மட்டுமே செய்யும் மையங்களின் நடுநிலை உண்மையானது. அதற்கான விலையைக் காத்திருப்பாகக் கொடுக்கிறோம். மையங்கள் எண்ணிக்கையில் குறைவு, தொலைவு அதிகம், முன்பதிவு நெருக்கடி வந்தால் மாற்று வழி கிடையாது. இதற்கு வட அயர்லாந்தில் நடந்ததைவிட நல்ல எடுத்துக்காட்டு இல்லை. பிரிட்டனின் மற்றப் பகுதிகளைப் போலன்றி அங்கே அரசின் சில மையங்கள் மட்டுமே சோதிக்கின்றன. 2020 ஜனவரியில் அந்த மையங்களின் லிஃப்ட்களில் விரிசல்கள் தென்படவே, கார் சோதனைகள் ஒட்டுமொத்தமாக நிறுத்தப்பட்டு, வண்டிகளுக்குத் தற்காலிக விலக்குச் சான்று கொடுக்க வேண்டியதாயிற்று. ஒரே மாதிரிக் கருவி ஒரே நேரத்தில் பழுதானால் ஒரு மாகாணமே நின்றுவிடும் என்பது, ஆயிரக்கணக்கான பட்டறைகள் சோதிக்கும் இங்கிலாந்தில் நடக்க வாய்ப்பில்லை. சுவீடன் 1965 முதல் ஒரே நிறுவனத்திடம் வைத்திருந்த உரிமையை 2010இல் மற்றவர்களுக்கும் திறந்துவிட்டது. ஆனால் பழுதுபார்ப்பவர்களை உள்ளே விடாமல் சோதனை நிறுவனங்களுக்குள்ளேயே போட்டியை உண்டாக்கியது. நடுநிலையையும் எண்ணிக்கையையும் ஒருசேரப் பெறுவதற்கு இதைவிடப் பொருத்தமான வழி எனக்குத் தெரியவில்லை.

இனி, மையத்தைத் தெரிவு செய்பவர்கள் போதிய அளவு எண்ணிப் பார்க்காத விஷயத்துக்கு வருகிறேன்: அது மறுசோதனை. முதல் வருகைக்கு ஒரு மணி நேரம் பயணம் செய்வது பெரிய சிரமம் இல்லை. தேறாத வண்டியைப் பழுதுபார்த்து, கெடு முடிவதற்குள் மறுபடி கொண்டுவந்து காட்டும் இரண்டாவது வருகைதான் வேலையையும் விடுப்பையும் தின்னும். கெடு நாட்டுக்கு நாடு மாறுகிறது. பிரான்ஸில் பெருங்குறை என்றால் இரண்டு மாதம் தருகிறார்கள். உயிருக்கு ஆபத்தான குறை என்றால் சோதித்த அன்றைய தினம் மட்டுமே வண்டி ஓடலாம். ஜெர்மனியில் ஒரு மாதம். அதைத் தாண்டினால் முழுச் சோதனையையும் முதலிலிருந்து தொடங்க வேண்டும். பிரிட்டனில் பத்து வேலைநாட்கள். இதில் ஒரு நுட்பம் இருக்கிறது. வண்டியைச் சோதித்த பட்டறையிலேயே விட்டுச் சரிசெய்து அந்தப் பத்து நாட்களுக்குள் மறுபடி சோதித்தால் மறுசோதனைக்குக் கட்டணம் இல்லை; வெளியே எடுத்துச் சென்று வேறிடத்தில் சரிசெய்தால், அடுத்த வேலைநாள் முடிவதற்குள் கொண்டுவந்து, குறையும் குறிப்பிட்ட சில வகைகளில் ஒன்றாக இருந்தால் ஒழிய, ஒரு பகுதிக் கட்டணம் கேட்கலாம். அதாவது, வேறு பட்டறையில் விலை விசாரிக்கும் உரிமை காகிதத்தில் இருந்தாலும், கட்டண விதி வண்டியை அங்கேயே விட்டுச் செல்லும்படி மெல்லத் தள்ளுகிறது. பிரிட்டனில் இருப்பவர்கள் இதைச் சமாளிக்க எளிய வழி ஒன்று உண்டு. சில உள்ளாட்சி மன்றங்கள் தங்கள் சொந்த வண்டிகளுக்காக நடத்தும் மையங்களைப் பொதுமக்களுக்கும் திறந்துவைத்திருக்கின்றன. பொதுவாக அங்கே வெளியார் வண்டிகளைப் பழுதுபார்ப்பதில்லை. ஆகவே, கையில் கிடைக்கும் குறைப்பட்டியலை நம்பி எடுத்துக்கொண்டு நமக்குப் பழக்கமான மெக்கானிக்கிடம் போகலாம்.

ஜப்பானில் தெரிவுகள் இன்னும் விரிவானவை. புதுக் காருக்கு மூன்று ஆண்டுகளும் பின்னர் இரண்டு ஆண்டுகளுக்கு ஒருமுறையும் வரும் ஷாகென் சோதனைக்கு, தன் வளாகத்திலேயே சோதிக்க அனுமதி பெற்ற பட்டறையிடம் ஒப்படைக்கலாம். பழுதுபார்த்து அரசு மையத்துக்கு ஓட்டிச் செல்லும் பட்டறையிடம் கொடுக்கலாம். அல்லது உரிமையாளரே வண்டியை அரசின் சோதனை வரிசையில் ஓட்டிச் சென்று காட்டலாம். மூன்றாவது வழியில் செலவு மிகக் குறைவு, ஆனால் வண்டியைப் பற்றிக் கொஞ்சமாவது தெரிந்தவருக்கே அது சரிப்படும்.

இவற்றையெல்லாம் வைத்து யாருக்கு எது என்று கேட்டால், என் தீர்ப்பு வண்டியின் வயதைப் பொறுத்தே அமையும். ஏழெட்டு வயதுக்குட்பட்ட, ஒழுங்காகச் சர்வீஸ் செய்யப்படும் காருக்குப் பட்டறைச் சோதனையே போதும். ஒரே நாளில் சர்வீஸும் சோதனையும் முடிந்துவிடும். அதைத் தாண்டிய வண்டிக்குச் சோதனை மட்டும் செய்யும் மையமே என் தெரிவு, காத்திருக்க நேர்ந்தாலும் சரி. பழைய காரை வாங்குபவர் விற்பவரின் பட்டறை தந்த சான்றை மட்டும் நம்பாமல், தன் செலவிலேயே தனி மையத்தில் ஒருமுறை காட்டுவது நல்லது. அப்போதும் அந்தச் சான்று எதைச் சொல்லவில்லை என்பதை நினைவில் வைக்க வேண்டும். எடுத்துக்காட்டாக, எம்.ஓ.டி. சோதனை எஞ்சினின் நிலையையோ கிளட்ச்சையோ கியர்பாக்ஸையோ பார்ப்பதே இல்லை. வாடகை வண்டி ஓட்டுபவர்களுக்கு நிற்கும் ஒவ்வொரு நாளும் நட்டம் என்பதால், அவர்கள் நடுநிலையைவிட முன்பதிவு எவ்வளவு சீக்கிரம் கிடைக்கிறது என்பதையே முதலில் பார்ப்பார்கள், அது தவறில்லை. இந்தியாவில் வணிக வாகனங்களுக்கு எட்டு வயது வரை இரண்டு ஆண்டுகளுக்கு ஒருமுறையும் அதன்பின் ஆண்டுதோறும் எப்.சி. எடுக்க வேண்டியிருப்பதால், பழைய வண்டி வைத்திருப்பவருக்கு இந்தக் கணக்கு ஒவ்வோர் ஆண்டும் வரும்.

மையத்தைத் தேடும்போது விளம்பரங்களில் தொடங்காமல், வாகனப் பதிவை நடத்தும் அரசுத் துறையின் இணையதளத்திலுள்ள அங்கீகாரப் பட்டியலில் தொடங்குவது நல்லது. கார் சோதிக்கும் மையம் எல்லாம் மோட்டார் சைக்கிளைச் சோதிக்காது. கனரக வண்டிக்கு நீண்ட குழியும் அகன்ற உருளைகளும் உள்ள இடம்தான் வேண்டும் என்பதால், முன்பதிவுக்கு முன்பே வாகன வகையைக் கேட்டுக்கொள்ள வேண்டும். தேதியைப் பொறுத்தவரை, பிரிட்டனில் காலாவதிக்கு ஒரு மாதத்துக்குள் முன்கூட்டியே காட்டினாலும் அடுத்த சான்றின் முடிவு நாள் பழைய தேதியிலேயே அமையும் என்பதால் சீக்கிரம் போவதில் இழப்பே இல்லை. ஜெர்மனியில் இரண்டு மாதத்துக்கு மேல் தாமதித்தால் விரிவான சோதனையும் ஐந்தில் ஒரு பங்கு கூடுதல் கட்டணமும் வரும். எந்த நாடானாலும், வார நடுவில் காலை நேரத்தைப் பதிவுசெய்துகொள்வது புத்திசாலித்தனம்: ஒரு பல்பு அல்லது ஒரு வைப்பர் பிளேடுக்காக வண்டி தேறாமல் போனால், உதிரிப்பாகக் கடை மூடுவதற்குள் வாங்கி மாட்டி அன்றைக்கே திரும்பக் காட்டிவிடலாம்.