கடலோரத்துக்கு டின் (வெள்ளீயம்) பூசிய காப்பர் ஒயர்: கூடுதல் விலைக்குத் தகுமா?

தகும், ஒயரின் முனையை ஒழுங்காக மூடினால். மூடாவிட்டால் சாதா ஒயரே போதும், இரண்டும் கெடத்தான் போகின்றன.

கடற்காற்றில் செம்பைக் கெடுப்பது உப்பும் ஈரமும் சேர்ந்த கூட்டு. சோடியம் குளோரைடு சுமார் 75% ஈரப்பதத்தில் தானாகக் கரைந்துவிடும். கடலுப்பிலுள்ள மக்னீசியம் குளோரைடுக்கு 33% போதும். வெப்பமண்டலக் கரையில் காற்று அந்த அளவுக்குக் காய்வது அபூர்வம். அதனால் காய்ந்ததுபோல் தெரியும் செம்பின் மேலும் மெல்லிய உப்புநீர்ப் படலம் இருக்கும். முதலில் பழுப்பாகக் குப்ரைட் என்ற செம்பு ஆக்சைடு, பிறகு அதன்மேல் அட்டகாமைட் என்ற பச்சைக் களிம்பு. மழை படும் இடத்தைவிட சன்ஷேடுக்கு அடியில்தான் பல நேரம் அரிப்பு மோசம். அங்கே உப்பைக் கழுவிவிட மழை வராது.

காற்றின் அரிப்புத்தன்மையைத் தரம் பிரிக்கும் ஐஎஸ்ஓ 9223 வகைப்பாட்டில், சி5 என்ற மிகக் கடுமையான சூழலில் செம்பு முதல் ஆண்டில் 2.8 முதல் 5.6 மைக்ரான் வரை தேயும். கூரைத் தகட்டுக்கு இது பொருட்டே இல்லை. ஒயரில் சிக்கல் வேறு: மெல்லிய இழைகளின் இடுக்கு வழியாக உப்புநீர் இன்சுலேஷனுக்குள் ஏறிவிடும். சீவிப் பார்த்தால் உள்ளே கறுத்திருக்கும், சால்டர் ஒட்டாது, லக்கில் (ஒயர் முனையில் மாட்டும் உலோக இணைப்பில்) தொடுமிடம் சூடாகும். டின் பூச்சு இதைத்தான் தள்ளிப்போடுகிறது.

டின் பூசினால் மின்தடை கொஞ்சம் கூடும்: 2.5 சதுர மி.மீ. மல்டிஸ்ட்ராண்டில் கி.மீ.க்கு உச்சவரம்பு 7.98 ஓம் என்பது 8.21 ஆகும். கவலைப்பட வேண்டியதில்லை. வாங்கும்போது ஒரு இழையைக் கத்தியால் நடுவரை சுரண்டுங்கள். நடுவரை சிவப்பாக இருந்தால் செம்பு. நடுவில் வெள்ளையாக இருந்தால் அலுமினியம், திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.

லக்கும் டின் பூசிய செம்பாக, முனை அடைத்ததாக இருக்கட்டும். ராட்செட் கிரிம்பரால் (லக்கை ஒயரோடு நசுக்கிப் பிடிக்கவைக்கும் கருவியால்) அழுத்தி, உள்ளே பசையுள்ள, சூட்டில் மூன்றில் ஒரு பங்காகச் சுருங்கும் 3:1 ஹீட் ஷ்ரிங்க் ஸ்லீவை லக்கின் கழுத்திலிருந்து இன்சுலேஷன் மேல் 2 செ.மீ. வரை போடுங்கள். இரு முனையிலும் பசை பிதுங்கும்வரை சூடாக்க வேண்டும். பிதுங்காவிட்டால் அது சீல் இல்லை. கிரிம்ப்புக்குமேல் சால்டர் வேண்டாம்: ஒயர் விறைத்து, அதிர்வில் அந்த விளிம்பிலேயே முறியும். வினிகர் வாடை அடிக்கும் சிலிக்கானையும் தவிருங்கள். அதன் அசிட்டிக் அமிலம் செம்பைத் தின்னும். நியூட்ரல் வகையாகக் கேட்டு வாங்குங்கள்.