டின் நல்லது, ஜிகர் மோசம்
நாகர்கோவிலில் பார் கவுண்டரில் நிற்கிறவன் நான். ஆன்லைனில் 1,450 ரூபாய்க்கு ஒரு பாஸ்டன் ஷேக்கர் செட் (காக்டெய்ல் குலுக்க ஒன்றுக்குள் ஒன்று செருகும் இரண்டு டின், கூடவே ஜிகர், வடிகட்டி) வாங்கினேன். இரண்டு டின்னும் நல்ல கனம். ஐஸ் போட்டுப் பன்னிரண்டு விநாடி குலுக்கினால் வெளியே பனி பூக்கிறது, ஒரு சொட்டு ஒழுகவில்லை. ஜிகர்தான், அதாவது இரண்டு பக்கமும் அளக்கிற சின்னக் கிண்ணம்தான், ஏமாற்று. 30 மி.லி. பக்கம் சரி, 60 பக்கத்தில் தண்ணீர் ஊற்றித் தராசில் வைத்தால் 54 கிராம்தான். அப்புறம் புளிப்பும் இனிப்பும் எப்படிச் சேரும்? பழைய ஜிகரை எடுத்து பீஸ் நீஸ் என்கிற காக்டெய்ல் போட்டேன்: ஜின், எலுமிச்சை, மார்த்தாண்டம் தேன். தேனை அப்படியே ஊற்றாதீர்கள், ஐஸ் பட்டதும் அடியில் இறுகிவிடும். சம அளவு வெந்நீரில் கரைத்து, ஆறவைத்து ஊற்றுங்கள். வடிகட்டியின் ஸ்பிரிங்கும் தளர்வு. புதினா போட்ட பானத்தை வடித்தால் துணுக்கெல்லாம் கிளாஸில் மிதக்கிறது.