பார் லைசன்ஸுக்கு யாரைப் பிடிப்பது: வக்கீலா, கன்சல்டன்டா, நாமேவா?

என் அக்கா மகன் அண்ணா நகரில் ஒரு மாடியை வாடகைக்குப் பிடித்தான். பத்து மாத அட்வான்ஸ் கொடுத்து, ஒப்பந்தத்திலும் கையெழுத்துப் போட்டுவிட்டு அப்புறம்தான் என்னிடம் வந்தான். பெங்களூரில் பார்த்த மாதிரி சின்னதாக ஒரு ரெஸ்டாரன்ட், கூடவே பீர். "லைசன்ஸ் ஆறு மாசத்துல வாங்கித் தர்றேன்னு ஒருத்தர் சொல்லியிருக்காரு மாமா. முன்பணமும் கொடுத்தாச்சு."

எந்த லைசன்ஸ் என்று கேட்டேன். அவனுக்குத் தெரியவில்லை.

சென்னையில் பப் என்று நாம் போகிற இடங்கள் பெரும்பாலும் ஏன் ஹோட்டலுக்குள்ளேயே இருக்கின்றன என்று யோசித்துப் பார்த்தால் பாதி விஷயம் புரிந்துவிடும். 1981ஆம் ஆண்டின் தமிழ்நாடு மதுபான உரிம விதிகளில் எஃப்எல்3 என்ற வகை லைசன்ஸ் நட்சத்திர ஹோட்டலுக்கு, எஃப்எல்2 என்ற வகை உறுப்பினர்களுக்கு மட்டும் பரிமாறும் கிளப்புக்கு. தெருவோரத்தில் தனியாக நிற்கும் ரெஸ்டாரன்டுக்கு இதில் இடமில்லை. நட்சத்திரம் வேண்டுமென்றால் மத்திய சுற்றுலா அமைச்சகத்தின் தரச்சான்று வேண்டும். அதற்குக் குறைந்தது பத்து அறைகள் வேண்டும். அவனுடைய மாடியில் கழிவறையைச் சேர்த்தால் மூன்று அறை.

நான் ஒரு நட்சத்திர ஹோட்டலில் நிர்வாகம் பார்த்தவன். லைசன்ஸ் வேலைக்குக் கன்சல்டன்ட், வக்கீல் இருவரையும் வைத்துப் பார்த்திருக்கிறேன். யாரும் இல்லாமல் நானே அலைந்தும் இருக்கிறேன். இதில் யார் உசத்தி என்று கேட்பதைவிட ஃபைல் இப்போது எந்தக் கட்டத்தில் இருக்கிறது என்று கேட்பதுதான் சரி.

முதலில் கன்சல்டன்ட். இவர்களைக் குறை சொல்வது சுலபம், ஆனால் நல்லவர்கள் உண்மையிலேயே உபயோகமானவர்கள். மதுவிலக்கு ஆணையர் அலுவலகம் இருக்கும் சேப்பாக்கம் எழிலகத்தில் எந்த மாடியில் எந்தப் பிரிவு, தீயணைப்புத் துறைச் சான்றின் தேதி போனால் எந்தக் காகிதம் திரும்பி வரும், பார் இருக்கும் பகுதியை வரைபடத்தில் எப்படிக் காட்ட வேண்டும் என்பதெல்லாம் அவர்களுக்கு விரல் நுனியில். சி.எம்.டி.ஏ. அனுமதித்த வரைபடத்துக்கும் கட்டி முடித்த கட்டடத்துக்கும் வித்தியாசம் இருந்தால் பார்த்தவுடனே சொல்லிவிடுவார்கள். எனக்கு வாய்த்தவர் அப்படி ஒரு சுவரைக் கண்டுபிடித்து இடிக்கச் சொன்னார். அந்த ஒரு வேலைக்கே அவருடைய கட்டணம் தகும்.

சிக்கல் வேறு இடத்தில். "காரியம் முடிஞ்சா கொடுங்க சார்" என்று ஆரம்பித்து, நடுவில் "மேல கொஞ்சம் கவனிச்சுக்கணும்" என்று ஒரு தொகை வரும். அதற்கு ரசீது கிடையாது. 2018இல் ஊழல் தடுப்புச் சட்டத்தைத் திருத்திய பிறகு லஞ்சம் கொடுப்பதும் நேரடிக் குற்றம், ஏழு ஆண்டு வரை சிறை. வற்புறுத்தலால் கொடுத்தவர் ஏழு நாளுக்குள் புகார் செய்தால்தான் தப்பிக்கலாம். இடைத்தரகர் மூலமாகக் கொடுத்தேன் என்பது சாக்காகாது. வழக்கு வந்தால் கன்சல்டன்டின் போன் அணைந்திருக்கும், உரிமையாளரின் பெயர் எஃப்.ஐ.ஆரில் இருக்கும்.

வக்கீல் அப்படிப் பேரம் பேச முடியாது. வழக்கின் முடிவைப் பொறுத்துக் கட்டணம் என்று நிர்ணயிப்பதை பார் கவுன்சில் விதிகள் தடுக்கின்றன. விளம்பரம் செய்யவும் கூடாது. இணையத் தளங்கள் வழியாக வக்கீல்கள் வேலை பிடிப்பதற்கு எதிராக நடவடிக்கை எடுக்கச் சொல்லி 2024 ஜூலையில் சென்னை உயர் நீதிமன்றம் தீர்ப்பே சொல்லியிருக்கிறது. ஆகவே இணையத்தில் தேடும்போது முதலில் வந்து நிற்கும் "நூறு சதவீத உத்தரவாதம்" ஆளை வக்கீல் என்று நினைத்துக்கொள்ளாதீர்கள். உத்தரவாதம் தருகிறவர் வக்கீலாக இருந்தால் அது இன்னும் மோசம். மது விற்பது அடிப்படை உரிமை அல்ல என்று கோடே டிஸ்டில்லரீஸ் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லி எத்தனையோ வருடமாகிவிட்டது. தகுதி எல்லாம் இருந்தாலும் லைசன்ஸ் கையில் விழும் என்று யாரும் வாக்குக் கொடுக்க முடியாது.

வக்கீலின் குறை என்னவென்றால், உயர் நீதிமன்றத்துக்கு எதிரே தம்புச் செட்டித் தெருவில் உட்கார்ந்திருப்பவருக்கு எழிலகத்து நடைமுறை தெரிந்திருக்க வேண்டும் என்பதில்லை. விண்ணப்பப் படிவத்தை நிரப்ப அவரைக் கூப்பிட்டால் ஜூனியரை அனுப்புவார், ஜூனியர் உங்களிடமே விவரம் கேட்பார். நடந்ததைத்தான் சொல்கிறேன்.

அவருடைய அருமை தெரிவது இரண்டு கட்டத்தில். ஒன்று, இடத்துக்கு அட்வான்ஸ் கொடுப்பதற்கு முன். நெடுஞ்சாலை விஷயத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். 2016 டிசம்பரில் தமிழ்நாடு அரசு எதிர் கே. பாலு வழக்கில், தேசிய, மாநில நெடுஞ்சாலைகளிலிருந்து 500 மீட்டருக்குள் மது விற்கக் கூடாது என்று உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது. 2017 மார்ச் கடைசியில், 20,000 பேர் வரை வசிக்கும் ஊர்களுக்கு அதை 220 மீட்டராகக் குறைத்தது. அந்த ஜூலையில், நகராட்சி, மாநகராட்சி எல்லைக்குள் இருக்கும் கடைகளுக்கு இந்தத் தடை பொருந்தாது என்று விளக்கியது. மாநகராட்சிக்கு உள்ளே ஒரு கணக்கு, எல்லை தாண்டினால் வேறு கணக்கு. புறநகரில் நெடுஞ்சாலை ஓரமாக இடம் பார்க்கிறவருக்கு அந்த எல்லைக்கோடு எங்கே போகிறது என்பதில்தான் முதலீடே இருக்கிறது. "அதெல்லாம் பாத்துக்கலாம் சார்" என்பார் கன்சல்டன்ட். வக்கீல் எழுத்தில் கருத்துக் கொடுப்பார், கீழே கையெழுத்துப் போடுவார்.

கிளப் விஷயமும் அப்படியே. "ரெடியா ஒரு மனமகிழ் மன்றம் இருக்கு, எஃப்எல்2 இருக்கு, நிர்வாகிகள மட்டும் மாத்திக்கலாம்" என்று அக்கா மகனுக்கு அடுத்த யோசனையும் வந்தது. உறுப்பினர் அல்லாதவருக்கு அங்கே ஊற்றினால் உரிமம் போகும். ரெஸ்டாரன்ட் நடத்த நினைப்பவனுக்கு அது பொருந்தாது என்று அரை மணி நேர ஆலோசனையில் ஒரு வக்கீல் சொல்லிவிட்டார்.

இரண்டாவது கட்டம், ஃபைல் நகராமல் நிற்கும்போதோ நிராகரிக்கப்படும்போதோ. விண்ணப்பத்தைப் பரிசீலித்து இத்தனை வாரத்துக்குள் முடிவெடுக்க உத்தரவிடுங்கள் என்று அரசமைப்புச் சட்டத்தின் 226ஆம் பிரிவின் கீழ் ரிட் மனு போடலாம். கொடு என்று நீதிமன்றம் சொல்லுவது அபூர்வம், முடிவெடு என்று சொல்லும். அதுவே பெரிய உதவி. கன்சல்டன்டால் இதைச் செய்ய முடியாது. வழக்காட அவருக்கு உரிமையே இல்லை.

பெரிய சட்ட நிறுவனங்களைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. ஹோட்டலையே விலைக்கு வாங்குகிறீர்கள், லைசன்ஸ் யார் பெயருக்கு மாறும் என்ற கேள்வி இருக்கிறது என்றால் அவர்கள் வேண்டும். ஒரு பாருக்கு வேண்டாம்.

நாமே செய்வது? ஆண்டுதோறும் வரும் புதுப்பித்தலுக்கு அதுதான் நல்லது என்பேன். டாஸ்மாக் கிடங்கில் சரக்கு எடுத்த கணக்கு, இருப்புப் பதிவேடு, வாட் கட்டிய ரசீது எல்லாம் ஏற்கெனவே நம் அலுவலகத்தில்தான் இருக்கின்றன. மதுவுக்கு ஜி.எஸ்.டி. இல்லை என்பதால் பாரின் கணக்கைச் சமையலறைக் கணக்கோடு குழப்பாத ஒரு கணக்காளர் இருந்தால் போதும். ஃபைல் எங்கே இருக்கிறது என்று தெரியவில்லையா? பத்து ரூபாய் கட்டித் தகவல் உரிமைச் சட்டத்தில் கேளுங்கள், 30 நாளில் பதில் தர வேண்டும். நான் கேட்டபோது பதில் வருவதற்கு முன்பே ஃபைல் நகர்ந்துவிட்டது.

அக்கா மகன் அந்த மாடியில் இப்போது பிரியாணி விற்கிறான். வாங்கிய முன்பணத்தில் பாதியைத்தான் அந்த ஆள் திருப்பித் தந்தார். மீதிக்கு வக்கீல் நோட்டீஸ் போயிருக்கிறது.