உள்பக்கத்தையும் பார்த்துச் செய்யும் முகமூடிக் கடை

எங்கள் பள்ளி ஆண்டு விழாவுக்குப் பிரகலாதன் கதையை நாடகமாகப் போடுவதென்று முடிவானதும், நரசிம்மர் முகம் தேடித் தஞ்சாவூர் அரண்மனையை ஒட்டிய சந்தில் உள்ள சிறிய பொம்மைக் கடை ஒன்றுக்குப் போனேன். தலையாட்டிப் பொம்மைகளுக்கு மேலே, பலகையில் வரிசையாக முகமூடிகள் இருந்தன. சிங்க முகத்தைக் கைகாட்டியதும் கடைக்காரர் விலை சொல்லவில்லை. "மாட்டி வைக்கவா சார், போட்டுக்கிட்டு ஆடவா?" என்று கேட்டார். அந்தக் கேள்விக்காகவே இந்தக் கடையை மற்றவர்களுக்குச் சொல்லலாம்.

கட்டுகிற வீட்டில் தொங்கவிடும் திருஷ்டி முகத்துக்குப் பிதுங்கிய விழியும் கோரைப்பல்லும் நீட்டிய நாக்கும் போதும். வருகிறவர் போகிறவர் கண் முதலில் அதன்மேல் பட்டுக் கழிய வேண்டும் என்பதே அதன் வேலை. அதற்குப் பின்பக்கம் எப்படி இருந்தாலும் கவலையில்லை. போன ஆண்டு வேறொரு கடையில் அப்படிப்பட்ட அலங்கார முகம் ஒன்றை விவரம் தெரியாமல் வாங்கி மாணவனுக்கு மாட்டிவிட்டோம். விழியில் துளையே இல்லாததால், அவன் வாய்த் திறப்பு வழியாகத் தரையைப் பார்த்துக்கொண்டே நடந்து, மேடைத் தூணில் முட்டிக்கொண்டான்.

இந்த முறை கடைக்காரர் மாணவனை நேரில் அழைத்துவரச் சொல்லி, நெற்றியிலிருந்து மோவாய் வரை நூல் பிடித்து அளந்துகொண்டார். காகிதக்கூழை அச்சில் அப்பி வெயிலில் காயவைத்த முகம் என்பதால், பார்வைக்குப் பெரிதாக இருந்தாலும் கையில் எடுத்தால் கனமே தெரியவில்லை. தீட்டிய விழிகளுக்குக் கீழே, கறுப்புக் கோட்டோடு கோடாகப் பார்வைத் துளைகளை வெட்டியிருக்கிறார். மூன்றடி தள்ளி நின்றால் அவை கண்ணில் படுவதில்லை. உள்ளே நெற்றி படும் இடத்தில் பஞ்சு வைத்துத் தைத்த துணிப்பட்டை ஒட்டியிருக்கிறது. வாயை அகலமாகத் திறந்து வைத்திருப்பதால் பையனின் கர்ஜனை கடைசி வரிசைவரை கேட்டது.

குறையும் உண்டு. உள்பக்கத்துக்கு எந்தப் பூச்சும் கொடுக்காததால், மூன்றாவது ஒத்திகையிலேயே வியர்வையில் மோவாய் ஓரம் ஊறி நெகிழ்ந்து, சிவப்புச் சாயம் பையனின் கன்னத்தில் ஒட்டியது. திருப்பிக் கொண்டுபோனபோது மறுபேச்சில்லாமல் வார்னிஷ் அடித்துக் கொடுத்தார் என்றாலும், போட்டு ஆடுவதற்கென்று கேட்டுச் செய்பவர் அதை முதலிலேயே எண்ணியிருக்க வேண்டும்.

முகத்தைக் கையில் கொடுக்கும்போது, "தரையில வைக்காதீங்க" என்றார். இந்தப் பக்கத்து மனிதர் அப்படித்தான் சொல்வார். நரசிம்ம ஜெயந்தியையொட்டி தஞ்சாவூருக்கு அருகே மெலட்டூரில் நடக்கும் பாகவத மேளா என்னும் நாட்டிய நாடகத்தில், நரசிம்மராக வருபவர் விரதமிருந்துதான் அந்த முகத்தை அணிகிறார். அவர் ஆவேசம் கொண்டால் பிடித்து நிறுத்தப் பக்கத்திலேயே ஆட்கள் நிற்பார்கள். ஆட்டம் இல்லாத நாட்களிலும் அந்த முகத்துக்குப் பூசை உண்டு. எங்கள் முகத்துக்கு அந்தத் தகுதி கிடையாது. ஆனாலும் ஒத்திகை முடிந்ததும் பையன்கள் தாமாகவே அதை மேசைமேல் துணி விரித்துத்தான் வைத்தார்கள்.

விலை 900 ரூபாய். செய்து முடிக்கப் பதினைந்து நாள் ஆயிற்று. ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் கூழ் காயாது என்பதால் ஆர்டர் எடுப்பதில்லையாம். பொங்கல் விழாவுக்கு வேண்டுமென்றால் புரட்டாசியிலேயே அளவு கொடுத்துவிடுங்கள்.