பள்ளியில் எச்.ஐ.வி. வகுப்பு: கேள்விப் பெட்டி பிரமாதம், படக்காட்சி பழசு

ஒரு தொண்டு நிறுவனம் எங்கள் பள்ளிக்கு வந்து எச்.ஐ.வி. வகுப்பு எடுத்தது. வகுப்பாசிரியர் என்பதால் பின் பெஞ்சில் உட்கார்ந்து முழுவதையும் கேட்டேன். இப்படி ஒரு வகுப்புக்கு ஆள் தேடும் ஆசிரியர்களுக்காக எழுதுகிறேன்.

கேள்விப் பெட்டி எல்லாரும்தான் வைக்கிறார்கள். வெட்கப்பட்டு யாரும் எதுவும் போடமாட்டார்கள். இவர்கள் எல்லாருக்கும் ஒரே அளவுத் தாளும் ஒரே மாதிரிப் பென்சிலும் கொடுத்து, கேள்வி இல்லாதவர்கள் 'கேள்வி இல்லை' என்றாவது எழுதிப் போடச் சொன்னார்கள். அத்தனை கைகளும் எழுதும்போது யார் என்ன கேட்டார் என்று எப்படித் தெரியும்? கொசு கடித்தால் வருமா என்பதெல்லாம் எதிர்பார்த்ததுதான். ஒரு சீட்டில் 'ஆணுறை கிழிந்துவிட்டால் என்ன செய்வது?' என்று இருந்தது. பயிற்சியாளர் கொஞ்சமும் நெளியாமல் பதில் சொன்னார்: 72 மணி நேரத்துக்குள் ஆஸ்பத்திரிக்குப் போனால் தடுப்பு மருந்து தருவார்கள், எவ்வளவு சீக்கிரம் போகிறோமோ அவ்வளவு நல்லது, 28 நாள் விடாமல் சாப்பிட வேண்டும். எங்கள் ஆசிரியர் அறையில் பாதிப் பேருக்கு இது புதுச் செய்தி.

அப்புறம் ஜோடி ஜோடியாகப் பேசிப் பழகும் பயிற்சி. 'என்மேல் நம்பிக்கை இல்லையா?' என்று ஒருவர் வற்புறுத்த, மற்றவர் மறுத்துப் பேச வேண்டும். பையன்கள் மறுக்கும் இடத்தில் நின்றபோது நன்றாகவே திணறினார்கள். இது வெறும் விளையாட்டு இல்லை. பாலியல் கல்வித் திட்டங்கள் 22-ஐ அலசி 2015-இல் ஓர் ஆய்வு வந்தது. ஆண் பெண் உறவில் யார் கை ஓங்கியிருக்கிறது என்பதைப் பேசியவற்றில் 80 சதவீதம் பால்வினை நோயையோ வேண்டாத கர்ப்பத்தையோ குறைத்தன. பேசாதவற்றில் 17 சதவீதம்தான்.

படக்காட்சிதான் கோபத்தைக் கிளப்பியது. மண்டையோடு, எலும்பும் தோலுமாக ஒரு நோயாளி, 'எய்ட்ஸ் என்றால் மரணம்' என்று சிவப்பு எழுத்து. பல மருந்துகளைச் சேர்த்துக் கொடுத்து எச்.ஐ.வி.யைக் கட்டுப்படுத்தும் கூட்டு மருந்துச் சிகிச்சை 1996-லேயே வந்துவிட்டது. மருந்தை ஒழுங்காகச் சாப்பிட்டு, ரத்தத்தில் வைரஸ் கண்டறிய முடியாத அளவுக்குக் குறைந்தே இருப்பவரிடமிருந்து உடலுறவு வழியாகத் தொற்று பரவாது. இதைப் பற்றி ஒரு வரிகூட இல்லை. பிறவியிலேயே தொற்றோடு வந்த பிள்ளை அந்த வகுப்பிலேயே இருக்கலாமே, அது அந்தப் படத்தைப் பார்த்து என்ன நினைக்கும்? பயமுறுத்தினால் பரிசோதனைக்குப் போக வேண்டியவர்களும் ஒளிந்துகொள்வார்கள்.

ஆணுறை செய்முறை விளக்கம் நடக்கவில்லை. அது எங்கள் நிர்வாகம் வெட்டியது, அவர்களைச் சொல்லிக் குற்றமில்லை. ஆனால் எல்லாவற்றையும் ஒரே நாளில் திணித்தது அவர்கள் முடிவு. மதியத்துக்கு மேல் பிள்ளைகள் கொட்டாவி விட்டார்கள்.

பெற்றோருக்குத் தனிக் கூட்டம் போட்டது நல்ல வேலை. 'சொல்லிக் கொடுத்தால் கெட்டுப்போவார்கள்' என்று ஒரு அப்பா எழுந்தார். பாலியல் கல்வி பிள்ளைகளைச் சீக்கிரம் உறவுக்குத் தள்ளுவதில்லை என்று யுனெஸ்கோவின் 2018 வழிகாட்டி சொல்வதை எடுத்துக் காட்டினார்கள். முழுச் சம்மதம் இல்லாவிட்டாலும் மனிதர் உட்கார்ந்தார்.

அடுத்த வகுப்புக்குத் தேதி கேட்டிருக்கிறேன். படக்காட்சியை மாற்றிக்கொண்டு, இரண்டு மூன்று நாளாகப் பிரித்து வரச் சொல்லியிருக்கிறேன்.