சேஃப்டி பட்டன் இல்லாத ரிவோல்வரோடு 11 வருடம்

டெக்சாஸில் கடை நடத்திய 11 வருடமும் என்னிடம் ஒரு சின்னக் கைத்துவக்கு இருந்தது. ஸ்மித் அண்ட் வெசன் மொடல் 36, ஐந்து ரவை போடுவது, பழையதாக வாங்கியது. ஊருக்குத் திரும்ப முதல் அங்கேயே விற்றுவிட்டேன். போன மாதம் கொக்குவில் வீட்டு விறாந்தையில் பெறாமகன் கேட்டான்: “பெரியப்பா, அதிலை சேஃப்டி பட்டனே இல்லையாம். கீழை விழுந்தா வெடிக்காதோ?” அவனுக்குச் சொன்னதைத்தான் எழுதுகிறேன்.

வெளியே பட்டன் இல்லை, காவல் உள்ளே இருக்கிறது. விரலால் இழுக்கும் விசையை விட்டதும், ரிபவுண்ட் ஸ்லைட் என்ற துண்டு, ரவையை அடிக்கும் சுத்தியலைக் கொஞ்சம் பின்னுக்குத் தள்ளி நிறுத்தும். அது போதாதென்று, சுத்தியலுக்கு முன்னால் மெல்லிய உருக்குத் தகடு ஒன்றும் நிற்கும். ஹாமர் பிளாக் என்பார்கள். காற்றுக்குக் கதவு அடிபடாமல் நிலையில் கட்டை வைப்போமே, அந்த வேலைதான். விசையை முழுக்க இழுத்தால் மட்டும் தகடு இறங்கி வழிவிடும்.

இந்த ஏற்பாட்டுக்குப் பின்னால் ஓர் உயிர் இருக்கிறது. 1944 இல் அமெரிக்கக் கடற்படைக் கப்பலின் தளத்தில் விழுந்த, ஸ்மித் அண்ட் வெசன் செய்த விக்டரி ரிவோல்வர் வெடித்து மாலுமி ஒருவர் இறந்தார். அதிலும் தடுப்பு இருந்தது, ஆனால் வில்லால் (ஸ்பிரிங்) இயங்குவது. இறுகிப்போன கிரீஸ் அதை அசையவிடவில்லை. அதற்குப் பிறகுதான், வில்லை நம்பாமல் ரிபவுண்ட் ஸ்லைடோடு சேர்ந்தே ஏறி இறங்கும் தகடு வந்தது.

ரூகர் எஸ்பி101 என்ற இன்னொரு ரிவோல்வரில் முறை தலைகீழ். அங்கே சுத்தியல், ரவையைக் குத்தி வெடிக்கவைக்கும் ஊசியைத் தொடவே தொடாது. விசையை இழுக்கும்போது ஒரு சட்டம் எழுந்து நடுவே நின்று அடியை ஊசிக்குக் கொடுக்கும். வாய்க்காலைக் கடக்கும் நேரத்துக்கு மட்டும் பலகை போடுவது போல. எனக்கு அதுதான் கூடப் பிடிக்கும். சட்டம் உடைந்தால் துவக்கு வெடிக்காது, அவ்வளவுதான்.

சரி, என் கதைக்கு வருகிறேன். நாலாம் வருடம் கடையின் கொங்கிரீட் தரையில் இடுப்பளவு உயரத்திலிருந்து விழுந்தது. வெடிக்கவில்லை. சுத்தியலில் ஒரு கீறல். மனம் ஆறாமல் துவக்குத் திருத்துபவரிடம் கொண்டுபோனேன். பக்கத் தகட்டைக் கழற்றியவர் கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. ஹாமர் பிளாக் அங்கே இல்லை. விசை இலகுவாக இழுபட வேண்டுமென்று முன்பு வைத்திருந்த யாரோ எடுத்து எறிந்திருக்கிறார்கள். அது இல்லாமலும் துவக்கு வழமைபோல வேலை செய்யும், அதனால் நாலு வருடமாக எனக்குத் தெரியவில்லை. அன்றைக்கு என்னைக் காப்பாற்றியது ரிபவுண்ட் ஸ்லைட் மட்டும்தான். அன்று இரவு எனக்கு நித்திரை வரவில்லை.

புதுத் தகடு போட்ட பிறகு மாதம் ஒருமுறை பார்ப்பேன். ரவையெல்லாம் எடுத்து, உருளை வெறுமை என்று இரண்டு தரம் பார்த்து, சுத்தியலை மெல்லப் பின்னிழுத்து (விசையும் கூடவே பின்னால் போகும்), சுத்தியலுக்கு முன்னிருக்கும் இடுக்கில் டோர்ச் அடித்தால் தகடு இறங்குவது தெரியும். பொக்கற்றில் சேரும் துணிப்பஞ்சும் உள்ளே போய் எண்ணெயோடு பசையாகும். அதையும் விடாமல் துடைத்தேன்.

இந்தக் காவலெல்லாம் விழுவதற்கும் அடிபடுவதற்கும்தான். விசையில் ஒரு திறப்புக்கோர்வை மாட்டி இழுத்தால், விரலா திறப்பா என்று துவக்குக்குத் தெரியாது. அதனால் விசையை முழுக்க மூடும் தோலுறை இல்லாமல் நான் ஒருநாளும் பொக்கற்றில் போட்டதில்லை, அந்தப் பொக்கற்றில் வேறு எதையும் வைத்ததுமில்லை.

விற்கும்போது வாங்க வந்தவரிடம் விலை பேச முதல் டோர்ச்சைக் கையில் கொடுத்து அந்த இடுக்கைத்தான் காட்டினேன்.